பெயர் தெரியாத அரசுப் பல்கலைக்கழகம்: வேறு மாநிலத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பதினோராம் வகுப்புக்கு வந்ததும் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. பெர்க்லி, யுசிஎல்ஏ, மிச்சிகன், இல்லினாய், ஜார்ஜியா டெக், வாஷிங்டன், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம். எந்த ஊரில், எந்த வீட்டில் கேட்டாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். கடைசியில் ஒரு பாதுகாப்புக்காகச் சொந்த மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று. அலபாமா, ஆர்க்கன்சா, அரிசோனா, அயோவா, நியூ மெக்சிகோ ஆகிய பெயர்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. யாராவது எடுத்துச் சொன்னாலும், “அங்கேயா? அங்கே போய் என்ன படிப்பது?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் இரண்டு வகை. முதல் வகைக்கு உலகப் புகழ் உண்டு. அது வெளிமாநில மாணவரிடம் முழு விலை வாங்கும். இரண்டாம் வகைக்கு நம்மிடையே பெயர் இல்லை. அது வெளிமாநில மாணவரை விலை குறைத்து வரவேற்கும். நம் குடும்பங்கள் முதல் வகைக்குக் கடன் வாங்கியாவது அனுப்பத் துணிகின்றன. இரண்டாம் வகையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் கருத்து இதற்கு நேர் எதிர். முழு விலை கொடுத்துச் சேரும் புகழ்பெற்ற வெளிமாநிலப் பல்கலைக்கழகம்தான் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு இருப்பதிலேயே மோசமான பேரம். பெயர் தெரியாதவற்றில் சில, சொந்த மாநிலத்தின் தலைசிறந்த பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தவை. எல்லாமே அல்ல, சில.

இந்த இரண்டு விலை ஏன்?

மாநில அரசுப் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்து மக்களின் வரிப்பணத்தால் நடப்பது. அதனால் அங்கே குடியிருப்பவரின் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து வருபவருக்கு இரண்டு மூன்று மடங்கு கட்டணம். நியாயம்தான். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு மாநிலங்கள் உயர்கல்விக்குத் தரும் பணத்தை வெட்டின. பல்கலைக்கழகங்கள் அந்தப் பள்ளத்தை வெளிமாநில மாணவரின் கட்டணத்தால் நிரப்பத் தொடங்கின. அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2007-இல் உச்சத்தைத் தொட்ட பிறப்பு எண்ணிக்கை அதன் பிறகு சரிந்தது. அன்று பிறக்காமல் போன பிள்ளைகளின் இடங்கள்தான் இப்போது கல்லூரி வாசலில் காலியாக நிற்கின்றன. பள்ளி முடிக்கும் மாணவர் எண்ணிக்கை 2025-ஐ ஒட்டி உச்சத்தை எட்டி இறங்கும் என்று உயர்கல்வித் துறையினர் பல ஆண்டுகளாகவே கணித்து வந்தனர்.

பெர்க்லிக்கும், ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகனுக்கும் இதனால் ஒரு கவலையும் இல்லை. அங்கே வரிசை குறையவே குறையாது. ஆனால் மக்கள்தொகை குறைந்த, இளைஞர் வெளியேறும் மாநிலங்களின் பல்கலைக்கழகங்களுக்கு நல்ல மதிப்பெண் உள்ள வெளிமாநிலப் பிள்ளை தேவை. அந்தப் பிள்ளைக்காக அவை விலையைக் குறைக்கின்றன. தரம் இல்லாததால் விலை குறைகிறது என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. இடம் இருப்பதால் குறைகிறது.

சிற்றூர்களில் பெரிய பல்கலைக்கழகங்கள் இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், மத்திய அரசின் நிலத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் எழுப்பின. பர்டூ, அயோவா ஸ்டேட், ஆர்க்கன்சா, அரிசோனா, டெலவேர் எல்லாம் அந்தச் சட்டத்தோடு தொடர்புடையவை. சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் அயோவா ஸ்டேட்டில்தான், ஜான் அட்டனாசாஃபும் கிளிஃபர்ட் பெர்ரியும் 1930-களின் இறுதியில் தொடங்கி 1942 வரை மின்னணு இலக்கக் கணினியின் முன்னோடிகளில் ஒன்றைக் கட்டினார்கள். ஊர் சிறியது என்பதால் ஆய்வுக்கூடமும் சிறியதாக இருக்க வேண்டியதில்லை.

புகழ்பெற்றவற்றின் முழு விலை

கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வெளிமாநிலத்தவர் செலுத்தும் கூடுதல் கட்டணம் மட்டும், 2025 இலையுதிர் பருவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 37,000 டாலரைத் தாண்டிவிட்டது. அடிப்படைக் கட்டணம் தனி, விடுதியும் சாப்பாடும் தனி. குடும்ப வருமானத்தைப் பார்த்து அந்தப் பல்கலைக்கழகம் தரும் தேவை அடிப்படையிலான உதவியும் வெளிமாநிலத்தவருக்குக் கிடையாது. மிச்சிகனில் வெளிமாநில மாணவரின் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். நான்கு ஆண்டு என்றால் தங்குமிடம் சேர்க்கும் முன்பே இரண்டரை லட்சம் டாலரைத் தொடுகிறது.

அந்த விலைக்கும் இடம் கிடைப்பது எளிதல்ல. வட கரோலினா மாநிலம், 1986 முதல் தன் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவரில் வெளிமாநிலத்தவர் 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் இடங்களில் குறைந்தது 90 விழுக்காடு டெக்சஸ்காரர்களுக்கே. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு நேரடி இடம் பெறும் வெளிமாநிலத்தவர் மிகச் சொற்பம். வேறு பிரிவில் சேர்ந்து பிறகு கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்று எண்ணிச் சேர்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்தக் கதவு பல இடங்களில் ஏறக்குறைய சாத்தியே இருக்கிறது. உயிரியலுக்கோ பொருளாதாரத்துக்கோ மூன்று லட்சம் டாலர் கொடுத்துவிட்டு, விரும்பிய பிரிவு கிடைக்காமல் திரும்பும் பிள்ளை வீட்டில் எதையும் சொல்வதில்லை.

கடன் விஷயத்திலும் நிலைமை மாறியிருக்கிறது. பெற்றோர் பெயரில் வாங்கும் மத்திய அரசின் பிளஸ் கடனுக்கு இதுவரை படிப்புச் செலவு முழுவதும்வரை இடம் இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர்தான். மாணவர் தம் பெயரில் வாங்கும் மத்தியக் கடனோ நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 27,000. மீதியைத் தனியார் வங்கியிடம்தான் கேட்க வேண்டும். முழு விலைப் பல்கலைக்கழகத்தை இனிச் சேமிப்பு உள்ளவர்கள் மட்டுமே யோசிக்கலாம்.

புகழ்பெற்றவற்றில் ஒரு விதிவிலக்கு பர்டூ. 2012-13-க்குப் பிறகு கட்டணத்தை உயர்த்தவே இல்லை. வெளிமாநிலத்தவருக்கு 28,794 டாலர் என்று அப்படியே நிற்கிறது. அதனாலேயே அங்கும் கூட்டம் நெருக்குகிறது.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் தேடுங்கள்

வெளிமாநிலத்தில் பெயர் தெரியாத ஒன்றைத் தேடுவதற்கு முன், சொந்த மாநிலத்தில் நாம் கவனிக்காமல் விட்டதைப் பார்ப்பதுதான் முறை. டாலஸ் பக்கத்துப் பிள்ளைக்கு ஆஸ்டின் கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். வகுப்பில் முதல் 6 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஆஸ்டினில் தானாக இடம் என்ற விதி 2026 இலையுதிர் பருவத்தில் 5 விழுக்காடாக இறுகுகிறது. போட்டி மிகுந்த பள்ளிகளில் முதல் எட்டு, பத்து விழுக்காட்டில் நிற்கும் பிள்ளைகள் எந்தவிதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு ரிச்சர்ட்சனிலேயே டெக்சஸ் பல்கலைக்கழகம் டாலஸ் இருக்கிறது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனர்கள் தங்களுக்குப் பொறியாளர் வேண்டும் என்று தொடங்கிய ஆய்வு மையம்தான் 1969-இல் மாநிலப் பல்கலைக்கழகமாக மாறியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு, மெர்செட் வளாகங்களும், நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகமான என்ஜேஐடியும் இதே வரிசையில் வருபவை. உள்மாநிலக் கட்டணம், வார இறுதியில் வீட்டுச் சாப்பாடு, சேமிப்பும் பெரிதாகக் கரையாது. இவற்றை வெல்ல வேண்டுமென்றால் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் இரண்டில் ஒன்றைத் தர வேண்டும்: தெளிவாகக் குறைந்த விலை, அல்லது வீட்டு மாநிலத்தில் இல்லாத ஒரு துறை. இரண்டும் இல்லை என்றால் போக வேண்டாம்.

விலை குறையும் வழிகள்

விலை குறைவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழி உங்களுக்குத் திறக்கும் என்பது நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் வழி மாநிலங்களுக்கிடையேயான உடன்பாடு. மேற்கு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில், கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், அரிசோனா, கொலராடோ உள்ளிட்ட மாநிலங்களின் மாணவர் மற்றொரு உறுப்பு மாநிலத்தில் உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ரீனோவில் உள்ள நெவாடா, நியூ மெக்சிகோ, மொன்டானா ஸ்டேட் போன்ற 160-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் உண்டு. சான் ஹோசேயில் குடியிருப்பவருக்கு ரீனோ நான்கு மணி நேரக் கார் பயணம். சான் டியாகோவைவிடப் பக்கம். கலிபோர்னியாத் தமிழர் இதைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் இடத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன, சில பாடப்பிரிவுகளை விலக்கியும் வைக்கின்றன. நீங்கள் விரும்பும் பிரிவு உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நடு மேற்கிலும் நியூ இங்கிலாந்திலும் இதுபோன்ற திட்டங்கள் உண்டு. நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் இவை எதிலும் சேரவில்லை.

இரண்டாம் வழி பல்கலைக்கழகமே அறிவிக்கும் சலுகை. மெய்ன் பல்கலைக்கழகம் 2016 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது: நியூ ஜெர்சி உட்படச் சில மாநிலங்களின் தகுதியுள்ள மாணவர், தம் சொந்த மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகம் வாங்கும் உள்மாநிலக் கட்டணத்தையே அங்கே செலுத்தலாம். ஆர்க்கன்சா பல்கலைக்கழகம், டெக்சஸ் போன்ற அண்டை மாநிலங்களின் நல்ல மாணவருக்கு வெளிமாநிலக் கூடுதலின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்கிறது. டெக்சஸில் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. போட்டி அடிப்படையில் ஆண்டுக்கு 1,000 டாலர் உதவித்தொகை பெறும் வெளிமாநில மாணவரிடம் பல்கலைக்கழகம் உள்மாநிலக் கட்டணம் வாங்கலாம். மலிவு என்று பார்த்தால் எல்லாவற்றையும் விஞ்சுவது வட கரோலினாவின் என்சி பிராமிஸ் திட்டம். மேற்கு கரோலினா, பெம்ப்ரோக், ஃபயட்வில் ஸ்டேட், எலிசபெத் சிட்டி ஸ்டேட் ஆகிய நான்கு வளாகங்களில் வெளிமாநிலத்தவருக்கும் கல்விக் கட்டணம் பருவத்துக்கு 2,500 டாலர்தான். பிற கட்டணங்களும் விடுதியும் தனி. பொறியியலிலும் கணினியிலும் ஆழமான ஆய்வு வேண்டும் என்பவர்களுக்கு இந்த நான்கையும் நான் முதலில் சொல்ல மாட்டேன். ஆசிரியப் பயிற்சி, செவிலியர் படிப்பு என்று போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். விமானத் துறைப் பட்டம் வேண்டுபவர்களுக்கு எலிசபெத் சிட்டி இருக்கிறது.

மூன்றாம் வழிதான் பெரியது: மதிப்பெண்ணுக்குத் தானாகக் கிடைக்கும் மெரிட் உதவித்தொகை. அலபாமா பல்கலைக்கழகம் எந்த ஜிபிஏ-வுக்கும் (பாடங்களின் சராசரிப் புள்ளி) எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் எவ்வளவு தொகை என்று ஒரு அட்டவணையாகவே முன்கூட்டி வெளியிடுகிறது. நேர்காணல் இல்லை, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தேசிய மெரிட் என்ற நாடளாவிய உதவித்தொகைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்த மாணவருக்குக் கட்டணமும் விடுதியும் உட்படப் பெரிய தொகுப்பு. இன்று அங்கே படிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிமாநிலத்தவர். ஹண்ட்ஸ்வில் வளாகமும் இதுபோலவே மதிப்பெண் அடிப்படையில் கொடுக்கிறது. நம் பிள்ளைகளின் மதிப்பெண் பெர்க்லியில் கூட்டத்தோடு கூட்டம். இங்கே அதே மதிப்பெண் பல்லாயிரம் டாலர் பெறும்.

சலுகைக் கடிதத்தை எப்படிப் படிப்பது

இங்கே கொஞ்சம் நிதானித்துக் கணக்குப் போட வேண்டும். பெற்றோர் பலர் ஏமாறும் இடம் இதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. வீட்டு மாநிலத்தில் எல்லாச் செலவும் சேர்த்து முதலாண்டு 35,000 டாலர். வெளிமாநிலத்தில் 55,000, அதில் மெரிட் 25,000 கழிந்து 30,000. ஆண்டுக்கு 5,000 மிச்சம், நான்கு ஆண்டில் 20,000 என்று தோன்றும். ஆனால் உதவித்தொகை மாறாத தொகை, செலவுதான் ஏறுகிறது. இரண்டிலும் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினால், வெளிமாநிலத்தில் அந்த ஏற்றம் 55,000 மீது விழுகிறது, நீங்கள் கொடுக்கும் 30,000 மீது அல்ல. நான்காம் ஆண்டில் வெளிமாநிலச் செலவு ஏறத்தாழ 36,900, வீட்டு மாநிலத்தில் 39,400. முதலாண்டில் 5,000 ஆக இருந்த மிச்சம் பாதியாகிவிட்டது. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 15,000 மிஞ்சும். விமானப் பயணத்துக்கு ஆண்டுக்கு 2,000 என்று கழித்தால் 7,000. இதற்காக மட்டும் பிள்ளையை ஆயிரம் மைல் தள்ளி அனுப்புவதில் பொருளில்லை. மிச்சம் ஆண்டுக்கு 12,000, 15,000 என்று இருந்தால் அது வேறு பேச்சு. அந்தப் பணம் முதுகலைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போகும்.

அடுத்தது, உதவித்தொகை தொடர்வதற்கான நிபந்தனை. பெரும்பாலும் 3.0 ஜிபிஏ கேட்பார்கள். பள்ளியில் எப்போதும் 4.0 வைத்திருந்த பிள்ளைக்கு இது பெரிதாகத் தெரியாது. பொறியியல் முதலாண்டின் கால்குலஸும் இயற்பியலும் அந்த நம்பிக்கையைச் சோதித்துவிடும். மேலே சொன்ன கணக்கில் இரண்டாம் ஆண்டு முடிவில் உதவித்தொகை போனால் 50,000 டாலர் இழப்பு. ஒரு பருவம் தவறினால் மீட்டுக்கொள்ள வாய்ப்புத் தருவார்களா, ஐந்தாம் ஆண்டுக்கும் நீளுமா, வெளிநாட்டில் ஒரு பருவம் படித்தால் செல்லுமா ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாவதாக, நான்கு ஆண்டில் பட்டம் முடிப்பவர் விகிதம். விலை குறைந்த பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் பாதிப் பேர்கூட நான்கு ஆண்டில் முடிப்பதில்லை. ஐந்தாம் ஆண்டு எல்லா மிச்சத்தையும் விழுங்கிவிடும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தில் இந்த விகிதமும், தேவை பாராமல் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு மெரிட் கொடுத்தார்கள் என்பதும் இருக்கும். ஆலோசகருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஆவணத்தை ஒரு மாலை உட்கார்ந்து படித்தாலே போதும். நம் பிள்ளைகளுக்கு ஏபி என்ற கல்லூரி நிலைப் பாடத் தேர்வுகளின் மதிப்பெண்கள் நிறைய இருப்பதும் இங்கே கைகொடுக்கும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அவற்றைத் தாராளமாக ஏற்கின்றன. மூன்றரை ஆண்டில் முடிப்பதும், ஐந்தாம் ஆண்டில் முதுகலையோடு வெளியேறுவதும் நடக்கக்கூடியவையே.

சேர்ந்த பிறகு அந்த மாநிலத்திலேயே குடியிருப்பவராக மாறிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். யூட்டா, மிசூரி போன்ற சில மாநிலங்களில் விதிகள் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் படிப்பதற்காக வந்து தங்கிய காலம் குடியிருப்பாகக் கணக்கில் வராது. இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

துறைக்காகப் போவது

பணத்தைத் தாண்டிய காரணம் இதுதான். என்னைக் கேட்டால் இதுவே வலுவான காரணமும்கூட. அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பல, மொத்தத் தரவரிசையில் எங்கோ இருந்தாலும் ஒரு துறையில் உலகத்தின் முன்வரிசையில் நிற்பவை. மொத்தத் தரவரிசையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண்ணை அள்ளி 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவந்த ஒசைரிஸ்-ரெக்ஸ் பயணத்தின் அறிவியல் தலைமை அந்தப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. செவ்வாயைச் சுற்றிவந்து படம் எடுக்கும் ஹைரைஸ் கேமராவை இயக்குவதும் அவர்கள்தான். அங்கே கால்பந்து அரங்கத்தின் பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில் ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிக் கண்ணாடிகளை வார்ப்பது அங்கேதான். ஜெயண்ட் மெஜல்லன் தொலைநோக்கிக்கான 8.4 மீட்டர் கண்ணாடிகள் அங்கு வார்க்கப்பட்டவை. ஒளியியலையே தனிக் கல்லூரியாக வைத்து இளங்கலைப் பட்டம் தரும் இடங்கள் நாட்டில் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. வானியலிலோ லேசரிலோ கேமராத் தொழில்நுட்பத்திலோ ஆர்வமுள்ள பிள்ளையைத் தரவரிசையில் இருபது இடம் மேலே உள்ள வேறொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்றே சொல்வேன்.

நியூ மெக்சிகோ டெக் இன்னும் சிறியது. சொகோரோ என்ற பாலைவன ஊரில் இருக்கிறது. வெரி லார்ஜ் அரே என்ற ரேடியோ தொலைநோக்கி வரிசையின் செயல்பாட்டு மையம் அதன் வளாகத்திலேயே உள்ளது. இயற்பியல் படிக்கும் பிள்ளை அந்த மையத்துக்கு நடந்தே போய்விடலாம். ஊரில் வேறு பொழுதுபோக்கு அதிகம் இல்லை. கூட்டமும் கடைத்தெருவும் வேண்டும் என்ற பிள்ளைக்கு அது ஒத்துவராது.

ஹண்ட்ஸ்வில்லில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்துக்கு நாசாவின் மார்ஷல் மையமும் ரெட்ஸ்டோன் ராணுவ வளாகமும் பக்கத்து வீடு போல. சந்திரனுக்கு மனிதனைக் கொண்டுசென்ற ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரவுன், 1961-இல் மாநிலச் சட்டமன்றத்திடம் நேரில் பேசி அங்கே ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் வாங்கிக் கொடுத்தார். விண்வெளிப் பொறியியல் பிள்ளை படிக்கும் காலத்திலேயே வேலைப் பயிற்சிக்குப் போகலாம். இதில் ஒரு பெரிய தடை உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆர்க்கன்சா பல்கலைக்கழகம் இருக்கும் ஃபயட்வில்லிலிருந்து அரை மணி நேரத்தில் பென்டன்வில், வால்மார்ட் தலைமையகம். சப்ளை செயின் படிக்க அதைவிடப் பொருத்தமான ஊரை நினைத்துப் பார்ப்பது கடினம். வால்மார்ட்டுக்குப் பொருள் விற்கும் நிறுவனங்களும் சுற்றிலும் அலுவலகம் வைத்திருக்கின்றன. இந்தியக் குடும்பங்களும் அங்கே நன்றாகவே வேரூன்றிவிட்டன. டெலவேர் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல், டூபான்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் நிழலில் வளர்ந்தது. இன்றும் நாட்டின் தலைசிறந்த துறைகளில் ஒன்று. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இரண்டு மணி நேரத் தொலைவுதான்.

கணினி அறிவியல் பற்றி மட்டும் வேறுவிதமாகச் சொல்ல வேண்டும். அது எல்லா இடத்திலும் இருக்கும் துறை. அதற்காக மட்டும் வெளிமாநிலம் போவதற்கு விலையைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். கலிபோர்னிய நிறுவனங்கள் எந்த வளாகத்துக்கு நேரில் வந்து ஆள் எடுக்கின்றன என்பதையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேலைச் சந்தை வட்டம் உண்டு. அயோவாவில் படித்தவருக்கு டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் வாசல் வரை வரும். சான் பிரான்சிஸ்கோ தொடக்க நிறுவனம் வராது. பிறகு எங்கே வாழ விரும்புகிறார் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதினேழு வயதில் முழுப் பதில் வராது. ஆனாலும் ஒரு திசை தெரியும்.

மருத்துவம் நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மாநில மருத்துவக் கல்லூரிகள் சொந்த மாநிலத்தவரையே பெரிதும் எடுக்கின்றன. டெக்சஸில் 90 விழுக்காடு சட்டப்படியே அப்படி. பெற்றோர் டெக்சஸிலேயே குடியிருந்தால் பிள்ளை இளங்கலையை வெளியில் படித்தாலும் பொதுவாக அந்த உரிமை போகாது. இளங்கலையில் சேமித்த ஒவ்வொரு டாலரும் அவர்களுக்கு வட்டியோடு திரும்பும்.

விசாவில் இருக்கும் குடும்பங்கள்

கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து ஆண்டுகளாக நிற்கும் நம் குடும்பங்களுக்கு இந்த ஒப்பீடே வேறு. இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதே இல்லை.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவியும் கடனும் கிடையாது. தேசிய மெரிட் போட்டியில் குடியுரிமையோ கிரீன் கார்டோ, குறைந்தது அதற்கான விண்ணப்பமோ கேட்பார்கள். எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது; கோடைகாலப் பயிற்சி வேலையும் அதில் அடங்கும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில். அதற்கு முன்பே மாணவருக்கான எஃப்-1 விசாவுக்கு மாறுகிறார்கள். மாறியதும் சொந்த மாநிலப் பல்கலைக்கழகமே உள்மாநிலக் கட்டணத்தை நிறுத்திவிடலாம். விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிறகு வீட்டுப் பக்கத்தில் இருப்பதற்காக முழு வெளிமாநிலக் கட்டணம் கொடுக்கும் நிலை வரும். அந்த ஆபத்து உள்ள குடும்பங்களுக்கு, விசா எதுவானாலும் மதிப்பெண்ணுக்கு மெரிட் தரும் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே பாதுகாப்பான தேர்வாக ஆகலாம். சேர்வதற்கு முன், “மூன்றாம் ஆண்டில் எஃப்-1 ஆக மாறினால் இந்தத் தொகை தொடருமா?” என்று உதவித்தொகை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஹண்ட்ஸ்வில் பற்றிச் சொன்ன தடையும் இதுதான். அங்கே விண்வெளி, பாதுகாப்புத் துறை வேலைகளில் பெரும்பகுதிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த ஊர் தங்கச் சுரங்கம். எச்-4 பிள்ளைக்கு வாசல் வரை போய்த் திரும்ப வேண்டிய ஊர். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று பொருந்துவது நம்மிடையே சாதாரணம்.

பிள்ளையின் வாழ்க்கை

அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவுக்குப் போக பர்மிங்ஹாமில் விமானம் இறங்கி இன்னும் ஒரு மணி நேரம் காரில் போக வேண்டும். நன்றி நாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து போவதே ஒரு வேலை. உடம்பு சரியில்லை என்றால் நாம் உடனே போய் நிற்க முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டமும் பெண்களின் மருத்துவம் தொடர்பான சட்டமும் வேறு. மகளை அனுப்பும் பெற்றோர் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். வளாகத்தை நேரில் பார்க்கப் போனால், பல்கலைக்கழகம் நடத்தும் சுற்றுலாவோடு நின்றுவிடாமல் துறைக் கட்டிடத்துக்குப் போய் இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம் பேசச் சொல்லுங்கள். முதலாண்டில் ஆய்வுக்கூடத்தில் நுழைய முடிந்ததா, பேராசிரியர் பெயர் தெரியுமா என்று பிள்ளையே கேட்கட்டும். சிறந்த மாணவருக்கென்று பல்கலைக்கழகத்துக்குள் நடத்தும் ஹானர்ஸ் கல்லூரியில் இடம் கொடுத்திருந்தால், பாடங்களுக்கு முன்பதிவில் முன்னுரிமை உண்டா என்று கேளுங்கள். பெரிய வளாகத்தில் அந்த ஒரு சலுகையே ஒரு பருவத்தைக் காப்பாற்றும்.

சில பிள்ளைகள் பெரிய குளத்தில் காணாமல் போவார்கள். சிலர் பெரிய குளத்தில்தான் நீந்தக் கற்பார்கள். உங்கள் பிள்ளை எந்த வகை என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும், தரவரிசை சொல்லாது.

நாள்கள்

நாம் தவறவிடுவது பெரும்பாலும் நாள்களைத்தான். மெரிட் உதவித்தொகைக்கான கடைசி நாள், சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடும். நவம்பர் தொடக்கம், டிசம்பர் தொடக்கம் என்று பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மேற்கு மாநிலத் திட்டத்துக்குச் சில இடங்களில் தனி விண்ணப்பம் வேண்டும். மார்ச் மாதம் புகழ்பெற்றவற்றின் முடிவு வந்த பிறகு ஆறுதலுக்காக இவற்றைத் தேடினால், இடம் கிடைக்கலாம், உதவித்தொகை கிடைக்காது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்டிலேயே இரண்டு பெயரையாவது பட்டியலில் சேர்த்து, செப்டம்பரில் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். அக்டோபரிலோ நவம்பரிலோ முதல் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். மே 1-ஆம் தேதி முன்பணம் கட்டும் நாள்வரை, சொந்த மாநிலத்தின் கடிதத்தோடு அதையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆறு மாதம் கிடைக்கும்.